கமர்கட் கரைவதற்குள்

"மேடம், புதுசா சேர்ந்திருக்கிறவங்க உங்களைப் பத்தியே கேக்குறாங்க. லெவல் டிசைன்ல நீங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்று காட்டூர் ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"எழுத என்னடி இருக்கு? ஒரு பழைய கேமைத் திறங்க, உள்ள ஒரு ரூம் கட்டுங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"அதைத்தான் கேக்குறாங்க மேடம். இப்ப நாலு வரி எழுதிப் போட்டா மெஷினே கோட்டை கட்டித் தருதே, பழைய கேம்ல எதுக்கு மெனக்கெடணும்கிறாங்க. கமர்கட் கதையையும் சேர்த்து எழுதுங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

மெஷின் கட்டித் தரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கட்டியது யாராக இருந்தாலும், அதற்குள் ஒரு மனுஷன் போய் நடக்க வேண்டுமே! என் வேலை முழுக்க அதைப் பற்றித்தான். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆள் ஓடவும் ஒளியவும் தெரு, மாளிகை, சுரங்கம் என்று ஏதாவது ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கட்டுவதுதான் லெவல் டிசைன். ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட விளையாட்டில் நாமாக ஒரு இடத்தைக் கட்டிச் சேர்த்தால் அதற்கு மாடிங் என்று பெயர். என் கணவர் முருகேசன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அக்கம்பக்கத்தில் கேட்டால், "எங்க வீட்டம்மா இல்லாத ஊருக்கு பிளான் போடறவ" என்பார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஸ்ரீரங்கத்தில்தான். ஐடிஐயில் வரைபடம் போடப் படித்துவிட்டு, தில்லைநகரில் ஒரு என்ஜினீயரிடம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தேன். வீடு கட்டுகிறவர்களில் பலர் பாலக்கரைக்காரர்கள். ஆண்கள் துபாயிலும் குவைத்திலும் இருப்பார்கள். வீட்டுப் பெண்களை உட்கார வைத்து பிளானைக் காட்டி, அவர்கள் சொல்கிற திருத்தத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே மெயிலில் அனுப்ப வேண்டும். பாலக்கரையில் அப்துல் கரீம் சாரின் பிரவுசிங் சென்டருக்கு நான் போய் வந்தது அதற்காகத்தான். அவர் சவூதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

இன்டர்நெட் 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டு வந்த காலம். ஒரு பிளான் போய்ச் சேருவதற்குள் துபாய்க்கே போய் நேரில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கும். காத்திருக்கிற நேரத்தில், பக்கத்து மெஷினில் கல்லூரிப் பையன்கள் ஆடுகிற விளையாட்டை வேடிக்கை பார்ப்பேன். சென்டரில் இருந்த கம்ப்யூட்டர்களில் புது விளையாட்டு எதுவும் ஓடாது. அதனால் எல்லாரும் ஒரே பழைய துப்பாக்கி விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, இந்தக் கட்டடத்துக்கு யாருங்க பிளான் போட்டது? இவ்வளவு பெரிய மாளிகையில ஒரு பாத்ரூம் இல்ல. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்ல. யாராச்சும் விழுந்து வெச்சா?"

"விழுறதுக்குத்தாங்க கட்டியிருக்காங்க" என்றார் கரீம் சார். சிரிக்கவே இல்லை. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிடியை எடுத்தார். "இவ்வளவு குறை சொல்றீங்களே, நீங்களே ஒண்ணு கட்டிப் பாருங்க. கட்டுறதுக்கு எடிட்டர் இந்த சிடியிலயே இருக்கு. பசங்க யாரும் அதைத் தொடறதில்ல."

அப்படித்தான் ஆரம்பித்தேன். இவ்வளவுதானா என்று கேட்டால், இவ்வளவுதான்.

முதலில் ஒரு அறை கட்டினேன். எனக்குத் தெரிந்த அளவில் மூன்றடிக்கு ஏழடி கதவு வைத்தேன். உள்ளே போய் ஓடிப் பார்த்தால் ஆள் நிலையிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறான். பத்துக்குப் பத்து அறை தீப்பெட்டி மாதிரி இருந்தது. கரீம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க குடியிருக்கிறவங்களுக்குக் கட்டியிருக்கீங்க. இவன் ஓடிக்கிட்டே இருக்கிறவன்" என்றார். எல்லாவற்றையும் பெரிதாக்கினேன். பிறகுதான் அது வீடு மாதிரித் தெரிந்தது. இத்தனை வருஷம் கட்டடம் வரைந்த எனக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்தது லீக். அந்தக் காலத்து எடிட்டரில் இரண்டு சுவர் சேரும் மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், லெவல் ஒழுகுகிறது, வேலை செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சுவருக்கு வெளியே இருக்கிற வெறும் சூன்யம் உள்ளே வந்துவிடுகிறதாம். மழையே இல்லாமல் ஒழுகுகிற வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓட்டை இருக்கும் இடத்துக்கு எடிட்டரே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய் அடைக்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. லெவல் முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது. ஆனால் விளையாட்டு ஆமை வேகத்தில் நகர்ந்தது.

கரீம் சார் பார்த்தார். "ஒரு வீடு ஒழுகுதுன்னு ஊருக்கே கூரை போட்டீங்களா?" என்றார். பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மூலையாக உட்கார்ந்து அடைத்தேன். புதிதாக வருகிறவர்களை ஷர்மிளா இன்றைக்கும் இதைச் செய்ய வைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்.

பெட்டிக் கதை முடிந்த பிறகு, நான் கட்டிய மாளிகையை ஆடிப் பார்க்கக் கரீம் சார் ஒரு பையனை உட்கார வைத்தார். அவன் உட்கார்ந்த உடனே நான் பக்கத்தில் நின்று, "தம்பி, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். ஜன்னலைப் பாரு. மேல ஏறு, ஏறு" என்று ஆரம்பித்துவிட்டேன். கரீம் சார் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் கமர்கட் வாங்கி வந்து, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"வாயில போட்டுக்கங்க. இது கரையிற வரைக்கும் பேசக் கூடாது."

கமர்கட் என்ன லேசில் கரைகிற பண்டமா? தேங்காயும் வெல்லமும் கல்லாக இறுகிப்போன உருண்டை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றேன். பையன் ஜன்னலைப் பார்க்கவில்லை. மாடிப் பக்கமே போகவில்லை. நான் ஆசை ஆசையாகக் கட்டிய முற்றத்தில் குதித்துக் குதித்துப் போய்விட்டான். அப்போதுதான் புரிந்தது, விளையாடுகிறவன் வீட்டுக்கெல்லாம் நான் கூடவே போய் நின்று வழி சொல்ல முடியாதல்லவா?

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. ஒருவர் ஆடும்போது, கட்டியவர் வாயில் கமர்கட் இருக்க வேண்டும். கரைய விடலாம், கடிக்கக் கூடாது. கடித்தால் எல்லாருக்கும் டீ அவர் செலவு. கரீம் சார் இதில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். அவர் திரையையே பார்க்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, எங்கள் வாயைக் கேட்டுக்கொண்டிருப்பார். 'கடக்' என்று சத்தம் வந்தால் கண்ணைத் திறப்பார். "இப்ப ஆள் எங்க நிக்கிறான்?" என்பார். லெவலில் கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இந்தச் சட்டத்தால் என் கடைவாய்ப் பல் போனதுதான் மிச்சம்.

நாங்கள் கட்டிய லெவல்களை இன்டர்நெட்டில் சும்மா போட்டுவைத்தோம். அந்தப் பழைய விளையாட்டை விடாமல் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ எடுத்து ஆடினார்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். கரீம் சாருக்குத் தைரியம் வந்து, சென்டருக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டார். கட்டுவதற்கு நான். கதவு எப்போது திறக்க வேண்டும், காவலாளி எப்போது திரும்ப வேண்டும் என்று கட்டளை எழுத, பாலக்கரை ஆரோக்கியராஜ். நான் என்ஜினீயர் வேலையை விட்டேன். வீட்டில் பெரிய சண்டை.

"வேலைக்குப் போறியா, வெளையாடப் போறியா?" என்றார் முருகேசன்.

"ரெண்டுந்தான்" என்றேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷன்.

ஆரம்பத்தில் வேலை ஒழுங்காக வரவில்லை. ஆபீஸ் திண்டாடிக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. அந்தப் பழைய விளையாட்டை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி திரும்பவும் கடைக்குக் கொண்டுவரப் போகிறது. அதோடு புது லெவல்கள் வேண்டும். முதலில் ஒன்று கட்டிக் காட்டுங்கள், பிடித்தால் மிச்சத்தையும் உங்களிடமே தருகிறோம், எங்கள் ஆள் ஒருவர் இந்தியா வருகிறார், திருச்சிக்கும் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். கரீம் சார் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"இது கிடைச்சா மாடி இருக்கும். கிடைக்கலன்னா மாடியை வாடகைக்கு விட்டுட்டுக் கீழ சென்டரை மட்டும் பாத்துக்க வேண்டியதுதான். உங்களுக்கு வேற வழி சொல்ல என்கிட்ட எதுவும் இல்லைங்க."

தில்லைநகரில் என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதைவிட, எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இது போய்விடக் கூடாது என்று ரங்கநாதரிடம் தினமும் மன்றாடினேன்.

மொத்த உயிரையும் கொடுத்து ஒரு கோட்டை கட்டினேன். நடுவில் விளக்கெரியும் உயரமான கோபுரம். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள், மதில்களுக்கு நடுவே தெருக்கள். தெற்கு வாசலில் நுழைந்தால் எதிரே மதில் நிற்கும். இடது பக்கமும் போகலாம், வலது பக்கமும் போகலாம். தெருவைச் சுற்றி வந்து, வாசலைக் கண்டுபிடித்து, உள்ளே உள்ளே போக வேண்டும். மூலைக்கு மூலை ஒரு கதவு. ஆள் தாண்டியதும் அது பின்னால் சாத்திக்கொள்ளும், அடுத்தது முன்னால் திறக்கும். டீக்கடை மாஸ்டர், சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர், என் நாத்தனார், கோபம் தீர்ந்த முருகேசன் என்று கிடைத்தவரையெல்லாம் உட்கார வைத்து ஆடச் சொன்னோம். எல்லாரும் கோபுரத்தைத் தொட்டார்கள். என் வாயில் கமர்கட் வெண்ணெயாகக் கரைந்தது. கரீம் சார் கண்ணையே திறக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் மார்த்தா. நடுத்தர வயது, அதிகம் பேசாத அம்மாள். வந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். கரீம் சார் டப்பாவை என் பக்கம் நீட்டினார். கமர்கட்டைப் போட்டுக்கொண்டேன்.

மார்த்தா தெற்கு வாசலில் நுழைந்தார். வலது பக்கம் திரும்பினார்.

அந்தத் தெருவில் அந்தப் பக்கமாக ஒருவர் போய் நான் பார்த்ததே இல்லை. காவலாளிகள் எல்லாரும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டார் மாதிரி முதுகைக் காட்டி நின்றார்கள். மார்த்தா அவர்களைத் தாண்டி மூலைக்குப் போனார். பின்கதவு சாத்திக்கொண்டது. முன்கதவு திறக்கவில்லை. அவர் முன்னே போனார், பின்னே வந்தார், சுவரைத் தடவினார். இரண்டு கதவுக்கும் நடுவில் அந்த அம்மாள் வசமாக மாட்டிக்கொண்டார்.

'இடது பக்கம் போங்கம்மா, இடது பக்கம்!' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கரீம் சாரைப் பார்த்தேன். கண்ணை மூடியபடி நின்றிருந்தார், நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது. நான் பேசவில்லை. ஆனால் பல் கேட்கவில்லை. கடக்.

கரீம் சார் கண்ணைத் திறந்தார். மார்த்தா முதலிலிருந்து ஆரம்பித்து, திரும்பவும் வலது பக்கமே போய், திரும்பவும் மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து, நாளைக்கு மதியம் வரை திருச்சியில்தான் இருப்பேன், புறப்படும் முன் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முருகேசனைக் கூப்பிடுங்க" என்றார் கரீம் சார். "லீவு போட்டுட்டு இந்தம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தைச் சுத்திக் காட்டட்டும். அவசரமே படக் கூடாது. மெதுவா, ஒரு வீதி விடாம."

அவர்கள் போனதும், ஆடியவர்களையெல்லாம் திரும்ப வரவழைத்தோம். டீ மாஸ்டர் வந்தார், இடது பக்கம் போனார். ஆட்டோக்காரர், இடது. நாத்தனார், இடது. ஆரோக்கியராஜ் தானே உட்கார்ந்தான், அவனும் இடது. கரீம் சாரும் உட்கார்ந்தார். அவர் கையும் இடது பக்கமே போயிற்று.

"என்னங்க இது? எல்லாரும் பேசி வெச்ச மாதிரி ஒரே பக்கம் திரும்புறாங்க" என்றான் ஆரோக்கியராஜ்.

திரையைப் பார்த்தேன். நடுவில் கோபுரம், சுற்றி மதில், தெற்கு வாசல். தலையில் அடித்துக்கொண்டேன். "அட ராமா! பிரதட்சிணம் சார்! கோயிலை வலது கைப் பக்கம் வெச்சுத்தானே சுத்துவோம்? நான் கோட்டை கட்டினதா நெனச்சுக்கிட்டு இருக்கேன். இவங்க எல்லாரும் ஸ்ரீரங்கத்தைச் சுத்திக்கிட்டு இருக்காங்க!"

"நான் எதுக்கும்மா சுத்துறேன்?" என்றார் கரீம் சார். கொஞ்சம் யோசித்தார். "எங்க அத்தா சித்திரை வீதியில வளையல் கடை வெச்சிருந்தாரு. சின்ன வயசுலேருந்து கூட்டம் போற பக்கமே போய்ப் பழக்கம். அந்தக் கூட்டத்துல எதிர்த்தாப்புல போக முடியுமா?"

ஆரோக்கியராஜ் கட்டளைகளை எழுதும்போதும் கதவுகள் திறக்கும் வரிசையை இடது பக்கத்திலிருந்தே எழுதியிருந்தான். இப்போது எந்தப் பக்கம் முதலில் வந்தாலும் கதவு திறக்கும்படி மாற்றினான். நான் காவலாளிகளை இரண்டு பக்கமும் பார்க்க வைத்தேன். சரி, ஆடிப் பார்ப்பது யார்? நாங்களே வலது பக்கம் போனால் தெரிந்துதானே போகிறோம்? சொல்லாமல் தானாக அந்தப் பக்கம் திரும்புகிற கால் ஒன்று வேண்டும். திருச்சியில் அப்படி ஒரு காலுக்கு எங்கே போவது?

கரீம் சாரின் அக்கா சுபைதா சென்டருக்குப் பின்வீட்டில் இருந்தார். உம்ரா யாத்திரை முடித்து மக்காவிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்க மாடி ஏறி வந்தவரை அப்படியே பிடித்து உட்கார வைத்தோம். எந்த பட்டனை அழுத்தினால் நடக்கும் என்று மட்டும் சொன்னோம்.

"எந்தப் பக்கம்டா போகணும்?"

"உங்க இஷ்டம்க்கா" என்றார் கரீம் சார். நான் கமர்கட்டைப் போட்டுக்கொண்டேன்.

சுபைதா அக்கா தெற்கு வாசலில் நுழைந்தார். கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தார். தயங்காமல் வலது பக்கம் திரும்பினார்! "அல்ஹம்துலில்லாஹ்" என்று கரீம் சார் வாய்விட்டுச் சொன்னார். சட்டத்தை மீறி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மூலைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது, அடுத்தது முன்னால் திறந்தது. அக்கா இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். அதையும் சரி செய்தோம்.

"ஏன்க்கா அந்தப் பக்கம் போனீங்க?" என்றேன்.

"தெரியலம்மா. அங்க காபாவை இடது கைப் பக்கம் வெச்சுத்தானே சுத்துனோம்? கால் இன்னும் அங்கேயே இருக்கு போல" என்று சிரித்தார்.

மறுநாள் மார்த்தா வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு முழம் கதம்பம், முகமெல்லாம் வெயில். உட்கார்ந்தார். நான் வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டேன். வலது பக்கம் திரும்பு தாயே, உனக்காக ஊரையே புரட்டிப் போட்டு வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

தெற்கு வாசலில் நுழைந்தார். இடது பக்கம் திரும்பினார்.

கடக்.

கோபுரம் வரை தங்கு தடையில்லாமல் போய்ச் சேர்ந்தார். "இன்று ஏன் இடது பக்கம் போனீர்கள்?" என்று கரீம் சார் மெதுவாகக் கேட்டார். மார்த்தாவுக்கே அப்போதுதான் உறைத்தது. நேற்று முருகேசனோடு அத்தனை வீதிகளையும் சுற்றினேனே, கூட்டம் போகிற பக்கம்தானே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். பிறகு, நேற்று மாட்டிக்கொண்ட இடத்தைப் பார்க்கிறேன் என்று திரும்பத் தொடங்கி, வலது பக்கம் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கோபுரத்தைத் தொட்டதும் மவுஸைக் கீழே வைத்துவிட்டு, மிச்ச லெவல்களை எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆரோக்கியராஜ் படிக்கட்டுக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தான். நான் அங்கேயே நின்று அழுதேன். டீ என் செலவு.

அந்த மாடியில்தான் என் மிச்ச வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பெரிய விளையாட்டு, சின்ன விளையாட்டு என்று எத்தனையோ கட்டினோம். ஒவ்வொன்றையும், எங்களைப் போல நடக்காத ஒருவரைத் தேடிப் பிடித்து ஆட வைத்த பிறகே வெளியே அனுப்பினோம்.

இதுவரை எழுதியதைக் கொடுப்பதற்காகப் போன வாரம் ஆபீசுக்குப் போனேன். என்னை விட்டார்களா? புதியவர்கள் முதன்முதலாகக் கட்டிய லெவலை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். தலைமை தாங்கிக் கட்டியது ஷர்மிளா. மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்ட கரீம் சாரும் வந்திருந்தார். டப்பாவை ஷர்மிளா பக்கம் நீட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய ஒரு சந்தை. வாசலில் நுழைந்தால் இடது பக்கம் ஒரு தெரு, வலது பக்கம் ஒரு தெரு. ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் உப்ப, 'எந்தப் பக்கம் வேணாலும் போங்க மேடம், ரெண்டையும் பாத்தாச்சு' என்கிற மாதிரி கண்ணாலேயே சிரித்தாள். என் கதை முழுவதும் தெரிந்தவளாயிற்றே.

நான் இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. அப்படியே பின்னால் திரும்பி, நுழைந்த வாசல் வழியாக வெளியே நடந்தேன்.

கடக்.

"ஷர்மிளா" என்றார் கரீம் சார், கண்ணைத் திறக்காமலே. "எல்லாருக்கும் டீ சொல்லிடும்மா."